உறையின் மேல் இரண்டு எண்கள்

றொபின்சன் பசறை பஸ் நிலையத்தில் இறந்துபோனார். மடுல்சீமை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, விற்கும் கண்ணாடிகள் இருந்த பையை மடியில் வைத்திருந்தார். பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டர் இரண்டு தரம் தோளைத் தட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 2024 பெப்ரவரி, தவக்காலம் தொடங்கிய வாரம். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

அவருக்கு இருந்த ஒரே உறவு தங்கை மரியகொரட்டி. அண்ணனுக்கு ஏழு வயது இளையவள். தாயும் தகப்பனும் தேயிலைத் தோட்டத்திலேயே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பத்தொன்பது வயது றொபின்சன் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பதுளைக்கு வந்தார். ஸ்டேசன் ரோட்டுக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். படிக்க வைத்தார், தையல் பழக வைத்தார், மெசினும் வாங்கிக் கொடுத்தார். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் கடையொன்றில் பட்டன் ஓட்டை அடிப்பதும் பழைய உடுப்பு திருத்துவதும் கொரட்டியின் வேலை.

றொபின்சன் தோட்டம் தோட்டமாகப் போய் வாசிப்புக் கண்ணாடி விற்றார். கொழும்பு புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கி வந்து, பையில் போட்டு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குவார். ஒரு ஊசியும் நூலும் வைத்திருப்பார். எந்தக் கண்ணாடியைப் போட்டால் ஊசியில் நூல் கோக்க முடிகிறதோ, அதுதான் அந்த ஆளுக்கான கண்ணாடி. கண்ணாடி அய்யா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முதல் வாசகம் வாசிப்பது அவர்தான். அவர் குரலுக்கென்றே முன் வரிசையில் உட்காரும் கிழவிகள் இருந்தார்கள்.

அவர் பழைய காசு சேர்ப்பது கொரட்டிக்குத் தெரியும். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதை அவள் கூட்டும்போது தள்ளி வைப்பாளே தவிர, திறந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் நௌபர் வந்தான். பஜார் பக்கத்துச் சந்தில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருப்பவன், முப்பத்தெட்டு வயது. பழைய காசும் வாங்கி விற்பான். றொபின்சனோடு பத்து வருடப் பழக்கம்.

"அக்கா, அந்தப் பெட்டிய என்னத்துக்கு வச்சுக்கிட்டு இருக்கீங்க? மொத்தமா நானே எடுத்துக்கிறன். நாலு பேருகிட்ட நீங்க அலையத் தேவல்ல."

"பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றாள் கொரட்டி.

அவன்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. அண்ணன் இத்தனை வருடம் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாமல் அதைக் கொடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு சின்னக் கடதாசி உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு. வெளியே அண்ணனின் கையெழுத்தில் வாங்கிய வருடம், ஊர் அல்லது கடை, ஆளின் பெயர், கீழே எண்கள். தென்னை மரம் போல ஒரு மரம் பதித்த சிலோன் சதங்கள், சதுரமான ஐந்து சதங்கள், அரசன் தலை போட்ட இந்திய வெள்ளி ரூபாய்கள். பாதிக்கு மேல் கறுத்துக் கிடந்தன. அவள் ஐந்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று துடைத்து, கடைக்குக் கொண்டுபோய் நௌபர் முன்னால் வைத்தாள்.

அவன் முகம் செத்துப்போனது.

"என்ன வேலக்கா செஞ்சீங்க! அழுக்குண்டு நெனச்சீங்களா? அது அதோட தோல். இனி இத யாரும் காசுண்டு வாங்க மாட்டாங்க, வெள்ளியா உருக்கத்தான் வாங்குவாங்க."

கொரட்டி தலையைக் குனிந்து நின்றாள். அந்தக் கோபத்திலேயே அவன் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தான். காசுக்காரர்கள் எழுபதுக்கு எத்தனை என்று எண் போடுவார்கள். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்து யார் கையும் படாதது. நான்கு என்றால் தலையின் நிழல் மட்டும் மிஞ்சியது. எட்டு என்றால் எழுத்து வாசிக்கலாம், முகம் வழுவழு. இருபது, முப்பது என்று போகப் போக தலைமுடியும் நகையும் தெரியும். ஒரே சாதிக் காசை எடுத்து மோசத்திலிருந்து நல்லதுவரை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது. கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்றையும் கொடுத்தனுப்பினான்.

பூசை முடிந்து வந்து, ஞாயிறு பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை ஜன்னல் வெளிச்சத்தில் அவள் உட்கார ஆரம்பித்தாள். முதல் மாதம் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒன்று தெரிந்தது, நேரே பிடித்தால் இன்னொன்று. தேய்ந்த இடம் எது, அச்சிலேயே சரியாக விழாத இடம் எது என்று பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் கடையில் ஒரு பழைய சட்டையைத் திருத்தும்போது அவளுக்குப் புரிந்தது. அதைப் போடும் பையன் வலது முழங்கையை ஊன்றி எழுதுகிறவன் என்பது சட்டையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரியும். துருத்திக்கொண்டிருக்கும் இடம்தான் முதலில் தேயும். கொலர் மடிப்பு, முழங்கை, உட்காரும் இடம். அரசனுக்கு அது கிரீடத்தின் மேற்பக்கம், காது, மீசை. அவன் அங்கியில் சங்கிலியின் கீழே ஒரு சின்ன யானை தொங்கும். நகத்தின் பிறைகூட அதைவிடப் பெரிது. எட்டில் யானையே இருக்காது. பன்னிரண்டில் ஒரு மேடு. முப்பதில் தும்பிக்கை தெரியும்.

அதன்பிறகு அவள் தன்னையே சோதித்துப் பார்க்க ஒரு முறை வைத்தாள். உறையைக் கவிழ்த்து வைத்து, காசை மட்டும் பார்த்து, தன் கொப்பியில் எண்ணை எழுதி, பிறகு அண்ணன் எழுதியதைப் பார்ப்பாள். ஜூலை மாதம் வந்தபோது அவளுடைய எண்ணும் அவருடைய எண்ணும் இரண்டு மூன்றுக்கு மேல் விலகவில்லை. சரியாக வந்த நாளில், பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து தலையாட்டுவது போல இருக்கும். அவர் செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த சந்தோசம் அது ஒன்றுதான்.

ஆனால் ஒன்று இடித்தது. சில உறைகளில் ஒரே எண். சிலவற்றில் இரண்டு. 8–30. 6–25. 8–35. அவள் கணக்கு எப்போதும் இரண்டாவதோடுதான் ஒத்துப்போனது, ஒருமுறைகூட முதலாவதோடு அல்ல. காசின் பின்பக்கத்துக்கான எண்ணாக இருக்குமோ என்று பின்பக்கத்தையும் பார்த்தாள். இல்லை. கடைசியில் உறைகளை இரண்டு குவியலாகப் பிரித்தாள். கண்டியிலும் கொழும்பிலும் கடைகளில் வாங்கியவற்றுக்கு ஒற்றை எண். பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று தோட்டத்துப் பெயர் போட்டவற்றுக்கு, ஒன்றைத் தவிர, இரண்டு. இரட்டை எண் போட்டவை அறுபத்து மூன்று. அதில் பெரும்பாலானவை 2022ஆம் ஆண்டு வாங்கியவை. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற வருடம்.

அவள் குவியலைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நௌபர் கடைக்குப் போனாள்.

"தம்பி, மொத நம்பர் என்னான்னு ஒங்களுக்குத் தெரியும்."

நௌபர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தான். தெருவைப் பார்த்தான்.

"அது தோட்டத்து ஆளுங்களுக்குச் சொன்னது அக்கா. ரெண்டாவது எனக்குச் சொன்னது."

"அப்பிடின்னா?"

"தேஞ்சு போச்சு, எட்டுக்கு மேல போகாது, ஒண்டுக்கும் ஒதவாதுண்டு சொல்லுவார். அதுக்குப் பதிலா ஒரு கண்ணாடி குடுப்பார். அவங்களுக்கும் சந்தோசம். எல்லாரும் செய்யிறதுதான், அவர் மட்டும் இல்ல."

"எதுக்கு ரெண்டையும் எழுதி வச்சாரு? எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

நௌபர் தயங்கினான். "அதே ஊட்டுக்குத் திரும்பிப் போனா மாத்திச் சொல்லிறக் கூடாதே. அதுக்குத்தான்."

கொரட்டி கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மனசு உறுத்தி எழுதி வைத்திருப்பார் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள் அவள்.

"நீங்களும் அவருகிட்ட வாங்கியிருக்கீங்க" என்றாள் கடைசியாக.

"வாங்கியிருக்கன்" என்றான் நௌபர். லென்ஸை எடுத்து மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டான்.

ஒக்டோபரில் பௌர்ணமி லீவான ஒரு போயா நாள் அவள் மடுல்சீமை பஸ் ஏறினாள். அறுபத்து மூன்றில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், எண்கள் மிக அதிகமாக விலகியிருந்த உறையை எடுத்திருந்தாள். 1913ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். 'வேலாயி, கீழ் டிவிசன், 8–35'. பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்: அண்ணன் சாகும்போது இதை உங்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அப்படிச் சொன்னால் அவர்களுக்கும் மனம் குளிரும், அண்ணன் பெயரும் கெடாது. யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றியது.

பஸ் நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. பாதை பாதி வாய்க்காலாகக் கிடந்தது. லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் வேலாயி இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர், காலடிச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். முகத்தில் ஒரு கண்ணாடி. ஒரு பக்கக் கை உடைந்து, நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தது.

"யாரு அது?"

"பதுளையிலருந்து வர்றேன்மா. கண்ணாடி அய்யாவோட தங்கச்சி."

வேலாயியின் முகம் மலர்ந்தது. "அய்யாவோட தங்கச்சியா! ஏ விதுஷா, யாரு வந்திருக்காங்க பாரு. வாங்க, உள்ள வாங்க. அய்யா எப்பிடி இருக்காரு? அந்தப் பஞ்சத்துல சும்மா கெடந்த காசுக்குக் கண்ணாடி குடுத்த மனுசனாச்சே."

மகள் விதுஷா உள்ளேயிருந்து வந்தாள். இருபத்தைந்து வயது, கொழுந்து எடுத்துக் கறை பிடித்த விரல்கள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணன் தவறிட்டாரும்மா. மாசியில."

வேலாயி "அய்யோ" என்று நெஞ்சில் கை வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. விதுஷா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தாயின் கையைப் பிடித்துக் கோப்பையை அதில் வைத்தாள். அப்போதுதான் கொரட்டி கவனித்தாள். வேலாயி கோப்பையைப் பார்க்கவில்லை.

"அம்மாவுக்குக் கண்ணு…"

"எடது கண்ணு சுத்தமாப் போயிருச்சு" என்றாள் விதுஷா. "வலதுல நெழலு மாதிரி தெரியுது. கண்ணுக்குள்ள அமுக்கம் கூடி நரம்பு செத்துப்போச்சாம். ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிப்பாட்டியிருக்கலாம்னு டொக்டர் ஏசுனாரு. நான் அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இந்த அம்மாதான் கேக்கல. கண்ணாடி அய்யா பாத்துட்டாரு, வயசுக்கு வர்ற மங்கல்தான், இந்தக் கண்ணாடி போதும்னு சொல்லிட்டாருன்னு சொல்லி உக்காந்திருச்சு."

பழகி வந்த பொய் கொரட்டியின் வாயில் வரவில்லை. அவள் உறையிலிருந்து காசை எடுத்து வேலாயியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா, இது ஒங்க காசு. அண்ணன் இதத் தேஞ்ச காசுன்னு சொன்னது பொய். இது நல்ல காசு. தெரிஞ்சேதான் பொய் சொல்லியிருக்காரு. ஒங்ககிட்ட மட்டும் இல்ல, நெறையப் பேருகிட்ட."

வேலாயி கட்டை விரலால் காசைத் தடவினார். அது அவருடைய மாமனார் வைத்திருந்த காசு. தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப் போகிறார்கள் என்ற காலத்தில், அங்கே இறங்கியதும் கைச்செலவுக்கு ஆகும் என்று துணியில் முடிந்து வைத்தாராம். அவர்கள் பெயர் பட்டியலில் வரவே இல்லை. காசு அவிழ்க்கப்படாமல் அப்படியே கிடந்தது. அதனால்தான் அதன் யானை தும்பிக்கையோடு இருந்தது.

"எட்டுன்னாரே" என்றார் வேலாயி.

"முப்பத்தஞ்சும்மா."

வேலாயி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இது? இதுவும் பொய்யா?"

"அவருக்குக் கண்ணப் பத்தி ஒன்னும் தெரியாதும்மா. ஊசியில நூல் கோக்குறதத்தான் பாப்பாரு."

விதுஷா எழுந்து வெளியே போனாள். சுவரில் சாய்ந்து நின்று அவள் அழுவது உள்ளே கேட்டது. கொரட்டி விடைபெற்று இறங்கியபோது பின்னாலேயே ஒற்றையடிப் பாதைவரை வந்து வழியை மறித்தாள்.

"காசக் குடுத்துட்டா முடிஞ்சிருச்சா? வர்ற செவ்வாக்கிழம பதுளையில கிளினிக். விடியக் காத்தால அம்மாவத் தூக்கிக்கிட்டு நான்தான் எறங்கணும். அன்னைக்கு வேலைக்குப் பேரும் விழாது, சம்பளமும் கெடையாது. நீங்க வந்து பாருங்க."

கொரட்டி போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டுமல்ல. விதுஷா தாயை பஸ் ஏற்றி விட்டால் போதும், பதுளையில் கொரட்டி இறக்கிக்கொள்வாள். நம்பர் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, மருந்து வாங்கி, திரும்ப ஏற்றி விடுவாள். கடை முதலாளி முகம் சுளித்தார். அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சொட்டு மருந்து விட்டார்கள், லேசர் வைத்தார்கள். 2025 பங்குனியில் வேலாயியின் வலது கண்ணும் நின்றுபோனது. காசை விதுஷா அதற்கு முன்பே விற்றிருந்தாள். கொரட்டிதான் கூடப் போய், முப்பத்தைந்து எண் காசுக்குரிய விலை குறையாமல் பேசிக் கொடுத்திருந்தாள். அந்தப் பணம் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போய் முடிந்தது. வேலாயி ஒருநாளும் கொரட்டியை ஏசவில்லை. அய்யா என்ற பேச்சையும் எடுக்கவில்லை. கிளினிக் வாங்குப் பலகையில் அவள் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

மற்ற உறைகளோடு ஞாயிறுகளில் போனாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கிழவர், தான் கொடுத்தது மூன்று காசு, இரண்டைத் தின்றுவிட்டாய் என்று லயமே கேட்கக் கத்தினார். ஒரு பெண் காசை வாங்கிக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு வசவே தேவலை என்று இருந்தது. தேடிப் போனவர்களில் பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. செத்தவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், மத்திய கிழக்குக்குப் போனவர்கள். எங்கே போனாலும் அவள் காசைக் கையில் வைத்து, எந்த இடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டி, எண்ணைச் சொல்லி, இதற்குக் குறைத்து யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். கோயிலில் அண்ணனின் வருடப் பூசைக்கு அவள் சொல்லி வைத்தாள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவரை நல்ல விசுவாசி என்றார். அவள் எழுந்து வெளியே போய் நின்றாள்.

தோட்டத்து உறைகளில் ஒன்றே ஒன்றில் மட்டும் ஒற்றை எண் இருந்தது. அதை அவள் வெகுநாள் தள்ளிப் போட்டாள். 'ரெங்கம்மா, பூனாகலை, 20'. இந்த ஒரு ஆளிடம் அண்ணன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஏன், என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒரு தடவையாவது அவருக்கு மனசு கேட்கவில்லை என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு விசயம்தான் உதைத்தது. அவள் கண்ணுக்கு அந்தக் காசு முப்பது. மூன்று தரம் பார்த்தாள், முப்பதுதான். அண்ணனுடைய கண் தப்பாது, தனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை என்று சமாதானப்பட்டாள்.

2025 ஆகஸ்டில் பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து பூனாகலை பஸ் பிடித்தாள். ரெங்கம்மாவுக்கு எழுபது வயது. பெக்டரியில் முப்பது வருடம் தேயிலை அரிக்கும் காம்பராவில் நின்றவர். சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தவர், கொரட்டி சொன்னதைக் கேட்டதும் ஞாபகம் வந்து கடகடவென்று சிரித்தார்.

"அந்தக் கண்ணாடிக்காரரா! நல்லா ஞாபகம் இருக்கு. எட்டுன்னாரு, இது ஒன்னுத்துக்கும் ஆகாதுன்னாரு. தூளையும் எலையையும் பாத்துப் பாத்து வளந்த கண்ணு எனக்கு. கழுத்துல கெடந்த இன்னொரு ரூவாயக் கழட்டிப் பக்கத்துல வச்சேன். இது வழுவழுன்னு இருக்கு, அதுல யான தெரியுது, ரெண்டும் எப்பிடிய்யா எட்டாகும்னு கேட்டேன். மூஞ்சியப் பாக்கணுமே! சரி பாட்டி, இருவதுன்னு வச்சுக்குவோம்னாரு. எழுதுய்யா, என் கண்ணு முன்னாடி எழுதுன்னேன். எழுதுனாரு. ரெண்டு கண்ணாடி வாங்கிட்டுத்தான் விட்டேன்."

கொரட்டி உறையைப் பார்த்தாள். ரெங்கம்மாவின் கண் முன்னால் அண்ணனால் இரண்டாவது எண்ணை எழுத முடியாமல் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

"ஏன் புள்ள, ஒடம்பு சரியில்லியா? தண்ணி தரவா?"

"வேணாம்மா." அவள் காசை எடுத்து ரெங்கம்மாவின் கையில் கொடுத்தாள். "இது இருபதும் இல்லம்மா. முப்பது. காதுக்கு மேல முடி கோடு கோடா இருக்கு பாருங்க."

ரெங்கம்மா காசை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப என்னையும் ஏமாத்தித்தான் போயிருக்கான்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் கொரட்டி.

மூன்றரை மணி பஸ்ஸுக்காக அவள் பாதையோரம் நின்றாள். மழை தூறத் தொடங்கியது. பெட்டியில் இன்னும் ஆள் தேடிப் போகாத உறைகள் இருபத்தெட்டு பாக்கி இருந்தன. அடுத்த ஞாயிறு லுணுகலைப் பக்கம் போக வேண்டும்.